மோட்டார்ஹோமில் கன்வெர்ட்டர் பழுதா? புதிது வாங்கும் முன் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வழி

மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே வீடு போலத் தங்கிப் பயணிக்கும் வண்டியில், விளக்கு மங்கினால் பழி முதலில் பேட்டரி மேல்தான் விழும். நானும் அப்படித்தான் செய்தேன். புது பேட்டரி வாங்கி மாட்டினேன். இரண்டே நாளில் அதுவும் இறங்கிவிட்டது. சரி, கன்வெர்ட்டர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்றை ஆர்டர் செய்தேன். பெட்டி வந்து சேர்ந்த அன்று வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக், ஐந்தே நிமிடத்தில் இரண்டு 40 ஆம்ப் ஃப்யூஸை உருவி என் கையில் வைத்தார். இரண்டும் கருகியிருந்தன. கருக வைத்தது நான்தான். அந்தக் கதை 5-வது படியில் வரும்.

அந்தக் குளறுபடியில் எனக்கு இரண்டு வாரம் போனது. கீழே இருக்கும் வரிசையில் போனால் உங்களுக்கு ஒரு முற்பகல் போதும். வரிசையை மாற்றாதீர்கள். காசு செலவாகாத சோதனைகளை முன்னால் வைத்திருக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். வெளியிலிருந்து வரும் 120 அல்லது 230 வோல்ட் ஏ.சி.யை (மாறுதிசை மின்சாரம்) 12 வோல்ட் டி.சி.யாக (நேர்திசை மின்சாரம்) மாற்றி, வீட்டுப் பகுதி பேட்டரியை சார்ஜ் செய்வது கன்வெர்ட்டர். பேட்டரியின் 12 வோல்ட்டை ஏ.சி.யாக்கித் தருவது இன்வெர்ட்டர். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் ஃபேன், ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டு போர்டு எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுபவை. இவை படுத்தால் சந்தேகம் கன்வெர்ட்டர் பக்கம். மைக்ரோவேவும் சுவர் பிளக்குகளும் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. பெரிய வண்டிகள் சிலவற்றில் இரண்டும் சேர்ந்த ஒரே பெட்டி, இன்வெர்ட்டர்-சார்ஜர், இருக்கும். அதில் தனியாகக் கன்வெர்ட்டரைத் தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

1. காகிதங்களும் படங்களும்

பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஃப்யூஸ் பலகைக்குப் பின்னாலோ அடியிலோ இருக்கும். இல்லையென்றால் கட்டிலுக்கு அடியிலோ, வெளிப்பக்கச் சாமான் அறையிலோ தனிப் பெட்டியாக இருக்கும். வெளி மின்சாரத்தை இணைத்துவிட்டுக் காதை வைத்துத் தேடினால், பல நேரம் மெல்லிய ரீங்காரம் காட்டிக் கொடுத்துவிடும்.

கண்டதும் அதன் லேபிளைப் படம் எடுங்கள். மாடல் எண், வரிசை எண், வெளியீட்டு ஆம்ப், உள்ளீட்டு வோல்ட் நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். லேபிள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தால் போனை உள்ளே நீட்டி எடுங்கள். நிதானமாக ஐந்தாறு படம். பழுதுபார்ப்பவர், உதிரிபாகக் கடை, உத்தரவாதப் பிரிவு என்று யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி மாடல் எண்தான்.

கூடவே எடுத்து வைக்க வேண்டியவை: கன்வெர்ட்டரின் கையேடு (மாடல் எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் தளத்திலேயே பெரும்பாலும் கிடைக்கும்), வண்டியின் 12 வோல்ட் வயரிங் படம், வண்டி வாங்கிய ரசீது, பேட்டரி வாங்கிய ரசீது. உத்தரவாதம் பாக்கி இருந்தால் பெட்டியின் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். பலர் உரிமையை இழப்பது இந்த இடத்தில்தான். வெளிப்பக்க ஃப்யூஸை மாற்றுவது வேறு, மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றுவது வேறு.

ஒரு சின்ன நோட்டும் வேண்டும். ஒவ்வோர் அளவையும் நேரத்தோடு எழுதுங்கள். "காலை பார்த்தப்போ 12 சொச்சம் இருந்தது" என்று சொன்னால் எந்த டெக்னீஷியனும் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்குவார். அந்த நேரத்துக்கும் காசு உங்களிடம்தான் வாங்குவார்.

2. கருவியும் ஜாக்கிரதையும்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, ஸ்க்ரூடிரைவர், பேட்டரி டெர்மினலுக்கான ஸ்பானர், டார்ச், டெர்மினல் தேய்க்க ஒரு கம்பி பிரஷ். விலை குறைந்த மீட்டரே இந்த வேலைக்குப் போதும், ஓர் இடத்தைத் தவிர. அதை 6-வது படியில் சொல்கிறேன்.

மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாம் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மோதிரமோ ஸ்பானரோ விழுந்தால் பழுக்கக் காய்ந்துவிடும். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அறைக் கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

கன்வெர்ட்டருக்கு உள்ளே போகும் ஏ.சி. பக்கம் உயிருக்கே ஆபத்தானது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். ஏ.சி. வயரில் கை வைத்துப் பழக்கம் இல்லை என்றால் அளப்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. மற்ற சார்ஜ் வழிகளை அடைத்துவிட்டு பேட்டரியை அளப்பது

மோட்டார்ஹோமில் வீட்டுப் பேட்டரிக்கு சார்ஜ் வரும் வழிகள் பல. எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர், கூரையில் சோலார் பலகை, அப்புறம் கன்வெர்ட்டர். செத்த கன்வெர்ட்டரை மற்ற இரண்டும் மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிடும். தினமும் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. ஒரே இடத்தில் மூன்று நாள் நிறுத்தினால் குட்டு வெளிப்படும். ஆகவே எஞ்சினை நிறுத்துங்கள். சோலாருக்குத் தனி சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் இருட்டிய பிறகு சோதியுங்கள்.

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறு, வீட்டுப் பேட்டரி வேறு. தவறான பேட்டரியை அளந்துவிட்டு "12.6 இருக்கே, நல்லாத்தானே இருக்கு" என்று குழம்பியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது வெளி மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, வீட்டுப் பேட்டரியின் முனைகளிலேயே அளந்து எழுதுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது நிறைந்து ஓய்வில் இருக்கும்போது 13.3 அளவில் நிற்கும். பாதி தீர்ந்த பிறகும் 13-ஐ ஒட்டியே காட்டும்.

அடுத்து வெளி மின்சாரத்தை இணைத்து, பத்து நிமிடம் கழித்து அதே முனைகளில் மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. 13-ஐத் தாண்டி 13.6 பக்கமோ 14.4 பக்கமோ போனால் கன்வெர்ட்டர் சார்ஜ் செய்கிறது. முன்பு இருந்த எண்ணே நின்றாலோ, மெல்ல இறங்கினாலோ சார்ஜ் வந்து சேரவில்லை. எங்கே தடைபடுகிறது என்பதை இனி வரும் படிகள் சொல்லும்.

இங்கே இரண்டு பொய்ச் சந்தேகங்கள் வரும். பேட்டரி அடியோடு காலியாக இருந்தால் நல்ல கன்வெர்ட்டரும் முதல் அரை மணி நேரம் 12.8 அளவில் நின்று மெதுவாகத்தான் ஏறும். இன்னொன்று, வண்டியை நாள்கணக்கில் இணைத்தே வைத்திருந்தால் நவீன கன்வெர்ட்டர்கள் தாமாகவே 13.2-க்கு இறங்கிக்கொள்ளும். அது பேட்டரியை வறுத்தெடுக்காமல் இருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு. 13.2-ஐப் பார்த்துப் பதறி அழைக்காதீர்கள்.

4. ஏ.சி. உள்ளே வருகிறதா

இதைப் பார்க்காமலேயே கன்வெர்ட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. ஏ.சி. பலகையில் "கன்வெர்ட்டர்" என்று எழுதிய பிரேக்கரை முழுதாக அணைத்து மறுபடி போடுங்கள். விழுந்த பிரேக்கர் நடுவில் நிற்கும், பார்வைக்கு ஆன் போலவே தெரியும். தனிப் பெட்டி வகை கன்வெர்ட்டர் சிலவற்றில் சாதாரண பிளக் இருக்கும். பயணக் குலுக்கலில் அது கழன்றிருக்கலாம். அந்த பிளக் செருகியிருக்கும் சாக்கெட், சமையலறை அல்லது குளியலறையில் உள்ள கசிவுப் பாதுகாப்பு சுவிட்சோடு சேர்ந்திருந்தால், அதுவும் விழுந்திருக்கலாம்.

வண்டிக்குள் ஒரு சாக்கெட்டில் ஏ.சி. வோல்ட்டை அளங்கள். 120 வோல்ட் அமைப்பில் 105-க்குக் கீழே, 230 வோல்ட் அமைப்பில் 207-க்குக் கீழே இருந்தால் கோளாறு நிறுத்துமிடத்தின் மின்சாரத்தில் இருக்கிறது. ஏர்கண்டிஷனரை ஓட விட்டு மறுபடி பாருங்கள். நிறுத்துமிடம் நிறைந்திருக்கும் மாலை நேரத்தில் மின்னழுத்தம் சரிவது சகஜம். ஜெனரேட்டர் இருந்தால் அதில் ஓட்டி ஒப்பிடுங்கள்: அதில் சார்ஜ் ஏறி, வெளி மின்சாரத்தில் ஏறவில்லை என்றால் கன்வெர்ட்டர் மேல் தப்பில்லை.

5. ஃப்யூஸ், சுவிட்ச், இரண்டு 40 ஆம்ப் கதை

எளிதானதை முதலில் பாருங்கள். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று வாசல் பக்கத்திலோ சாமான் அறையிலோ இருக்கும். அது அணைந்திருந்தால் பல வண்டிகளில் சார்ஜும் பேட்டரிக்குப் போகாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஃப்யூஸோ, தானே மீளும் சிறிய பிரேக்கரோ பிளஸ் வயரில் இருக்கும். அதையும் பாருங்கள்.

அடுத்தது தலைகீழ் இணைப்புப் பாதுகாப்பு ஃப்யூஸ்கள். பேட்டரியை பிளஸ், மைனஸ் மாற்றி இணைத்தால் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற இவை தம்மைப் பலி கொடுக்கும். 30 அல்லது 40 ஆம்ப் அளவில் இரண்டு, மூன்று பக்கம் பக்கமாக இருக்கும்.

என் கதை இதுதான். பழைய பேட்டரியில் பிளஸ் முனை இடது பக்கம். புதியதில் வலது பக்கம். கார் பழக்கத்தில் "கறுப்பு என்றால் மைனஸ்" என்று மாட்டினேன். என் வண்டியிலோ 12 வோல்ட் பக்கத்தில் கறுப்புதான் பிளஸ், வெள்ளை மைனஸ். இப்படி வயர் போட்ட வண்டிகள் நிறையவே உண்டு. தொட்டதும் "சட்"டென்று ஒரு பொறி. உடனே மாற்றி மாட்டினேன், விளக்கு எரிந்தது, நிம்மதியாகத் தூங்கினேன். விளக்கை எரித்தது புது பேட்டரியில் இருந்த சார்ஜ் மட்டும்தான் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. பேட்டரி மாற்றும்போது பழைய பேட்டரியில் எந்த வயர் பிளஸ்ஸில் இருந்தது என்று படம் எடுத்து, அதில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

இந்த ஃப்யூஸ்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும்.

ஃப்யூஸ் பலகையோடு சேர்ந்த வகையில் இவை பெரும்பாலும் பேட்டரி வயருக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும். அவை போனால், வெளி மின்சாரம் இருக்கும்வரை விளக்கெல்லாம் பிரமாதமாக எரியும். பிடுங்கிய நொடியில் வண்டி இருண்டுவிடும். பேட்டரி நிறைந்தே இருந்தாலும் இதே கதி.

தனிப் பெட்டி வகையில் இவை கன்வெர்ட்டரின் ஓரத்திலேயே, வெளியீட்டில் இருக்கும். அவை போனால் கன்வெர்ட்டர் மட்டும் தனித்துவிடப்படும். விளக்குகள் பேட்டரியில் ஓடி, மெல்ல மங்கி, ஓரிரண்டு நாளில் அணையும். எனக்கு நடந்தது இதுதான்.

ஃப்யூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போதாது. கம்பி முழுதாகத் தெரியும், காலடியில் விரிசல் விட்டிருக்கும். உருவாமலே சோதிக்க வழி இருக்கிறது. பிளேடு ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். வெளி மின்சாரம் இணைந்திருக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையை மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் ஒரே எண் என்றால் மின்சாரம் கடக்கிறது. ஒரு பக்கம் 13.6, மறு பக்கம் 11.9 என்றால் ஃப்யூஸ் போய்விட்டது, கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது. அந்த இரண்டு எண்களை அன்றே பார்த்திருந்தால் எனக்கு ஒரு கன்வெர்ட்டரின் விலை மிச்சமாகியிருக்கும்.

இந்த ஃப்யூஸ்கள் இணையாக வேலை செய்பவை. ஒன்று போனால் மொத்த மின்னோட்டமும் மற்றதன் தலையில் விழும். அதனால் மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்து, அதே ஆம்பில் மாற்றுங்கள். 40 கிடைக்கவில்லை என்று 60 போடாதீர்கள். அடுத்த தடவை ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும். புதிதாகப் போட்டதும் மறுபடி கருகினால் மூன்றாவது ஜோடியை வீணாக்க வேண்டாம். எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது கன்வெர்ட்டரின் வெளியீடே உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது.

6. பேட்டரியைக் கழற்றிவிட்டு வெளியீட்டை அளப்பது

ஃப்யூஸ் எல்லாம் சரி, ஏ.சி.யும் வருகிறது, ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை. இப்போதுதான் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்பட உரிமை வருகிறது.

வெளி மின்சாரத்தை அணைத்து, பேட்டரியின் இரு வயர்களையும் கழற்றி, பிளஸ் முனையைத் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். பிறகு மின்சாரத்தைப் போட்டு, கன்வெர்ட்டரின் டி.சி. வெளியீட்டு ஸ்க்ரூக்களிலேயே அளங்கள். 13.2-க்கும் 13.8-க்கும் இடையே வந்தால் முதல் தேர்வில் தேறிவிட்டது. ஒன்றுமே வரவில்லை என்றால் அடுத்து கையேட்டைப் பாருங்கள். பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கும் சார்ஜர் வகைகள் உண்டு. அவற்றை நல்ல பேட்டரி ஒன்றை இணைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

வெறும் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நோயாளி படுத்தே இருந்தால் நாடி நன்றாகத்தான் இருக்கும். மாடிப்படி ஏறச் சொன்னால்தான் தெரியும். எல்லா விளக்குகளையும் போட்டு, கூரை ஃபேன், ஹீட்டர் ஃபேன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். 13-க்கு மேலேயே நின்றால் நல்லது. பாதிச் சுமையிலேயே 12, 11 என்று சரிந்தால் கன்வெர்ட்டர் தளர்ந்துவிட்டது. வண்டியைச் சமன்படுத்தும் ஜாக், பக்கவாட்டில் நீளும் அறை இவற்றை மட்டும் இந்த நேரத்தில் இயக்காதீர்கள். அவை இழுக்கும் மின்னோட்டத்தைத் தர பேட்டரி வேண்டும். கன்வெர்ட்டர் தனியாகத் தாங்காது.

பேட்டரி கழன்றிருக்கும்போது 13.6 நன்றாக நின்று, மாட்டியதும் 11 அளவுக்கு விழுந்து ஏறாமலே இருந்தால் குற்றவாளி பேட்டரி. ஒரு செல் ஷார்ட் ஆன பேட்டரி எந்தக் கன்வெர்ட்டரையும் கீழே இழுத்துவிடும். தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் உடனே சார்ஜை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். இரண்டு பேட்டரி சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதியுங்கள்.

இன்னொரு நோய் மீட்டரின் டி.சி. எண்ணில் தெரியாது. வெளியீட்டைச் சீராக்கும் கப்பாசிட்டர் தளர்ந்துவிட்டால் டி.சி.யோடு ஏ.சி. அலையும் கலந்து வரும். எல்.இ.டி. விளக்கு மினுக்கும், ரேடியோ இரையும், ஃப்ரிட்ஜின் போர்டு காரணமில்லாமல் பிழை காட்டும். சுமை ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அதே வெளியீட்டை அளங்கள். ஒரு வோல்ட்டின் சிறு பகுதி வந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ வந்தால் கன்வெர்ட்டரின் நாள்கள் எண்ணப்படுகின்றன.

விலை குறைந்த மீட்டர் காலை வாருவது இங்கேதான். அவற்றில் சில, ஏ.சி. வோல்ட்டில் வைத்துச் சும்மா ஒரு பேட்டரியை அளந்தாலே 27, 28 என்று காட்டும். எனவே எங்கும் இணைக்காத பேட்டரியில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அங்கே பூஜ்யத்தை ஒட்டி வந்தால்தான் இந்தச் சோதனைக்கு அந்த மீட்டர் உதவும்.

7. நடுவில் இருக்கும் வயர்

கன்வெர்ட்டர் வாசலில் 13.6, பேட்டரி முனையில் 12.9. இப்படி வந்தால் பாதி வழியில் யாரோ தின்கிறார்கள். சார்ஜ் நன்றாக ஓடும் நேரத்தில் இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் வயரையும் முனைகளையும் பாருங்கள். பேட்டரி டெர்மினலில் உப்புப் பூத்திருக்கும். சேஸிஸில் முடுக்கிய எர்த் போல்ட்டின் அடியில் துரு ஏறியிருக்கும். கன்வெர்ட்டர் ஸ்க்ரூ லூசாகி, வயரின் உறை பழுப்பேறியிருக்கும். எல்லாரும் பிளஸ் வயரையே தேடுவார்கள். என் அனுபவத்தில் மைனஸ் பக்கம்தான் அதிகம் கெடுகிறது. அது வண்டிக்கு அடியில் மழையையும் சேற்றையும் வாங்கிக்கொண்டு கிடக்கிறது. தேய்த்துச் சுத்தம் செய்து முடுக்க அரை மணி நேரம் ஆகும், செலவு ஒன்றுமில்லை.

8. ஃபேனும் சூடும்

முதல் கலவரத்துக்கு ஒன்றரை வருடம் கழித்து, கன்வெர்ட்டர் நிஜமாகவே படுத்தது. அறிகுறி வேறு மாதிரி இருந்தது. இரவில் விளக்கு நன்றாக எரியும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் லேசாக மங்கும், கால் மணி நேரம் கழித்துத் தானே பிரகாசமாகும். மீட்டரை மாட்டிவிட்டு உட்கார்ந்து எழுதினேன்: 13.6, 13.6, 12.4, 12.3, மறுபடி 13.6. சூடேறித் தானாக அணைந்து, ஆறியதும் எழுந்துகொள்கிறது. பெட்டியின் காற்றுத் துளைகளில் டார்ச் அடித்தால், ஃபேன் இறக்கைகள் மேல் கம்பளி போலப் பஞ்சு படிந்திருந்தது. குச்சியால் தள்ளினால்கூடச் சுற்றவில்லை.

ஃபேன் ஓடாததாலேயே பழுது என்று சொல்ல முடியாது. பல மாடல்களில் சூடோ சுமையோ ஏறினால்தான் ஓடும். நன்றாகச் சுமை கொடுத்து, கால் மணி நேரம் கழித்தும் பெட்டி கை வைக்க முடியாமல் கொதித்து, ஃபேன் அசையாமல் இருந்தால்தான் கணக்கு. துளைகளை மறைத்துப் போர்வையோ காலணியோ அடுக்கியிருந்தால் அதை எடுத்துவிட்டு இன்னொரு நாள் பாருங்கள். சாமான் அறைக்குள் கன்வெர்ட்டர் இருக்கும் வண்டிகளில் பாதிக் கோளாறு அதோடு போய்விடும்.

என்னுடையது தூசி தட்டியதும் இரண்டு மாதம் ஓடியது. பிறகு சுமை கொடுத்தால் 11-க்கு மேல் ஏறவில்லை. தொடர்ந்து வெந்ததில் உள்ளே இருந்த பாகங்கள் போய்விட்டன. அப்போதுதான் அலமாரியில் சீல் உடைக்காமல் கிடந்த அந்தப் புது கன்வெர்ட்டருக்கு வேலை வந்தது. அதன் உத்தரவாதம் வாங்கிய நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது என்பது தனி வேதனை.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்

கன்வெர்ட்டர் போனதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டாம். சாதாரண பேட்டரி சார்ஜர் ஒன்றை வெளி மின்சாரத்தில் செருகி வீட்டுப் பேட்டரியில் மாட்டினால், 10 ஆம்ப் சார்ஜரே விளக்கையும் பம்பையும் தாங்கும். உங்கள் பேட்டரி எந்த வகையோ அதே வகைக்கு சார்ஜரைத் திருப்பி வையுங்கள். எஞ்சினை ஓட விட்டு சார்ஜ் செய்வது அவசரத்துக்கு மட்டும். மூடிய இடத்தில் ஒருபோதும் கூடாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

9. பழுது பார்ப்பதா, மாற்றுவதா

ஃப்யூஸ் சில்லறைக் காசு. ஃபேன் தனியாகக் கிடைத்தால் அதுவும் அதிகமில்லை. உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டால், உத்தரவாதம் முடிந்த பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுக்கும் கூலியே புதியதன் விலையை நெருங்கிவிடும். என் வாக்கு மாற்றுவதற்கே. ஆள் கூப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே மூன்று கேள்வி: வந்து பார்ப்பதற்கான குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு, மாற்றும் வேலைக்கு எத்தனை மணி நேரம் கணக்கிடுவார்கள், நான் வாங்கி வைத்த பாகத்தை மாட்டித் தருவார்களா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஃப்யூஸ் பலகையோடு சேர்ந்த வகை என்றால் பலகை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. கீழே இருக்கும் கன்வெர்ட்டர் பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கும் மாடல்கள் நிறைய. விற்பவர் முழுப் பலகையைக் காட்டினால் "கீழ்ப் பகுதி மட்டும் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

ஆம்ப் விஷயத்தில் பேராசை வேண்டாம். 45, 55, 65, 80 என்று அளவுகள் உண்டு. 55 இருந்த இடத்தில் 80 போட்டால், பழைய வயரும் ஃப்யூஸும் 55-க்கானவை என்பதை மறந்துவிடுகிறோம். ஏ.சி. பக்கமும் இழுவை கூடும். 55 ஆம்ப் கன்வெர்ட்டர் முழு வீச்சில் ஓடும்போதே கிட்டத்தட்ட 900 வாட் எடுக்கும். இருந்த அளவையே வாங்குவது நிம்மதி.

லித்தியத்துக்கு மாறியவர்கள் மட்டும் இங்கே கவனிக்க வேண்டும். லெட்-ஆசிட்டுக்கான பழைய கன்வெர்ட்டர் 13.6-இலேயே நின்றால் லித்தியம் நிறைய வெகு நேரம் ஆகும். இன்னொரு பக்கம், லித்தியம் தயங்காமல் முழு மின்னோட்டத்தையும் மணிக்கணக்கில் உறிஞ்சுவதால் பழைய கன்வெர்ட்டர் வெந்துபோகும். 14.2 முதல் 14.6 வரை தரும் லித்தியம் வகையை வாங்குங்கள். லித்தியம் முனையில் மீட்டர் பூஜ்யம் காட்டினால் பேட்டரி செத்ததாகக் கொள்ளாதீர்கள். அதன் பாதுகாப்புச் சுற்று தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கலாம். கடுங்குளிரில், பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே, சார்ஜ் ஏற மறுப்பதும் அந்தச் சுற்றின் வேலைதான்.

10. மாட்டுவது

பழக்கப்பட்டவருக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம். முதல் தடவை என்றால் அரை நாள் ஒதுக்குங்கள், பகலில் தொடங்குங்கள்.

வெளி மின் வயரைப் பிடுங்குங்கள். பிரேக்கரை அணைத்தால் மட்டும் போதாது. ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும் வகை என்றால் அந்த வசதியை அணையுங்கள். சோலாரைத் துண்டியுங்கள், பேட்டரியின் மைனஸ் கழற்றுங்கள். அதன்பின் சில நிமிடம் காத்திருந்து, மீட்டரால் இரு பக்கமும் பூஜ்யம் என்று உறுதி செய்யுங்கள். பழையதைக் கழற்றும் முன் ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிப் படம் எடுங்கள். வட அமெரிக்க வண்டியில் ஏ.சி. பக்கம் கறுப்புதான் உயிருள்ள வயர், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த்; ஐரோப்பிய வண்டியில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். அதே பெட்டியில் டி.சி. பக்கமும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை வயர் இருக்கக்கூடும். நிறம் பார்த்து அவசரமாகச் சேர்த்தால் 12 வோல்ட் வயரில் ஏ.சி. ஏறிவிடும். இந்த ஒரு நிமிடத்தில் யாரோடும் பேசாதீர்கள்.

கன்வெர்ட்டரின் உலோகப் பெட்டியில் சேஸிஸோடு இணைக்க ஒரு திருகு இருக்கும். பழையதில் இருந்த அந்தத் தனி வயரைப் புதியதில் மாட்ட மறந்துவிடுவது வழக்கமான தவறு. எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். முறுக்குக் கம்பிகள் ஓரிரு நாளில் அமுங்கி இடம் விடும்; அடுத்த நாள், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மறுபடி ஒரு முடுக்கு.

பேட்டரியை மாட்டி, மின்சாரம் கொடுத்து, பேட்டரி முனையில் நான்கு அளவுகள் எழுதுங்கள்: உடனே, பத்து நிமிடத்தில், ஒரு மணி நேரத்தில், அடுத்த நாள் அதே நேரத்தில். என் நோட்டில் 12.3, 13.4, 13.6, 13.6 என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் புது லேபிளின் படத்தையும் ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

பழைய பெட்டியை மின்கழிவில் போடும் முன் அதன் ஓரத்தில் இருக்கும் 40 ஆம்ப் ஃப்யூஸ்களை உருவி, மீட்டரில் சோதித்து, கருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். புதியதிலும் பெரும்பாலும் அதே அளவுதான்.